பூட்டிய வீடும் புழுங்கும் அறையும்

(நெய்வேலியை அடுத்த வடக்குத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்கும் முன் ஒன்றைக் காட்டுகிறேன். இதோ, என் சட்டைப்பையில் இருந்த சாவிக்கொத்து. மூன்று சாவிகள். மூன்றில் ஒன்றுகூட என் வீட்டுச் சாவி இல்லை. இந்திரா நகரில் என் தெருவில் பூட்டிக் கிடக்கிற மூன்று வீடுகளின் சாவிகள் இவை. முதல் வீட்டுக்காரர் என்னோடு நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இப்போது சென்னையில் மகனோடு இருக்கிறார். இரண்டாவது வீட்டார், மகள் பிரசவத்துக்கு என்று அமெரிக்கா போனார்கள். ஆறு மாதம் என்றார்கள், நான்கு வருஷம் ஆகிவிட்டது. மூன்றாவது வீட்டில் கிரகப்பிரவேசத்தன்று பால் காய்ச்சினார்கள். அன்றைக்கு எரிந்த அடுப்பு, அதோடு சரி.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வடலூர். 1867-ஆம் ஆண்டு வள்ளலார் பெருமான் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அந்த அடுப்புக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, ஒரே ஒரு நாள் எரிந்து அணைந்த அடுப்புகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். வீடு ஏன் காலியாகிறது? காலியான வீடு ஊரை என்ன செய்கிறது? வீடு காலியாகக் கிடக்கும்போதே, அதே தெருவில் ஒரு குடும்பம் ஏன் பத்துக்குப் பத்து அறையில் புழுங்கிக்கொண்டிருக்கிறது?

நம் ஊர்க் கதைக்கு வருமுன் கொஞ்சம் அமெரிக்கா போய் வரலாம். பணக்கார நாட்டில் நடந்தது பரம ஏழை நாட்டுக்கும் பாடம் ஆகும்.

2000-க்குப் பிறகான சில ஆண்டுகளில் அமெரிக்காவில் வீட்டுவிலை ஏறியது. ஏறியது என்றால், தினமும் ஏறியது. வங்கிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுத்தன. சம்பளச் சீட்டு வேண்டாம், முன்பணம் வேண்டாம், கையெழுத்துப் போட்டால் போதும். முதல் இரண்டு வருஷம் வட்டி குறைவு. மூன்றாம் வருஷம் அது எகிறும். எகிறினால் என்ன செய்வது? கவலை வேண்டாம், அதற்குள் வீட்டுவிலை ஏறிவிடும், விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்றார்கள். கடன் கொடுத்த வங்கி அந்தக் கடன் பத்திரத்தைக் கையில் வைத்திருக்கவும் இல்லை. நூறு, ஆயிரம் என்று மூட்டை கட்டி வேறொருவருக்கு விற்றது. அவர் இன்னொருவருக்கு விற்றார். கடன் வாங்கியவன் திருப்பிக் கட்டுவானா என்று கவலைப்பட வேண்டியவன் எவனோ, அவன் அந்தச் சங்கிலியில் இல்லாமலே போனான்.

2006-இல் விலை நின்றது. பிறகு இறங்கியது. 2008 செப்டம்பர் 15 அன்று லீமன் பிரதர்ஸ் என்ற பெரும் முதலீட்டு வங்கி திவாலானது. உலகமே அதிர்ந்தது. 50 லட்சத்துக்கு வாங்கிய வீட்டின் விலை 20 லட்சத்துக்கு வந்து, கடன் மட்டும் 45 லட்சமாக அப்படியே நின்றால் ஒரு மனிதன் என்ன செய்வான்? அமெரிக்காவில் ஆயிரமாயிரம் பேர் வீட்டைப் பூட்டினார்கள்; சாவியை உறையில் போட்டார்கள்; வங்கிக்கே தபாலில் அனுப்பிவிட்டுப் போனார்கள். என் கையில் இருக்கிற சாவி நம்பிக்கையில் கொடுத்தது. அந்தச் சாவி நம்பிக்கை போய் அனுப்பியது.

2010-இல் அவர்கள் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். மொத்தம் 13 கோடியே 17 லட்சம் வீடுகள். அவற்றில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடியில் ஆள் இல்லை. விடுமுறைக்கு மட்டும் போய்த் தங்கும் வீடுகளும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். அவற்றைக் கழித்தாலும் ஒரு கோடிக்கு மேல் மிஞ்சுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலி வீடு எல்லாம் ஒரே காரணத்தால் காலியாவதில்லை. லாஸ் வேகாஸ் என்று ஒரு நகரம், பாலைவனத்தில். அங்கே குடியிருக்க ஆள் வருமுன்பே வீடு கட்டினார்கள். வாங்கியவரும் குடியிருக்க வாங்கவில்லை, விற்கவே வாங்கினார். உச்சத்திலிருந்து அங்கே விலை பாதிக்கும் கீழே விழுந்தது. டெட்ராய்ட் என்று இன்னொரு நகரம். அங்கே கதையே வேறு. 1913-இல் ஹென்றி ஃபோர்டு நகரும் சங்கிலி வரிசையில் கார் செய்யத் தொடங்கியது அந்த நகரத்தின் எல்லையில்தான். மறு ஆண்டே தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தார். ஊர் ஊராகக் கிளம்பி வந்தார்கள். 1950-இல் டெட்ராய்டில் 18 லட்சத்து 50 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். 2010-இல்? 7 லட்சத்துச் சொச்சம். தொழிற்சாலை போனது, வேலை போனது, ஆள் போனார்கள், வீடு மட்டும் நின்றது. விலைச் சரிவு வந்தபோது, ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்த நோயாளிக்கு நிமோனியாவும் சேர்ந்ததுபோல் ஆனது. ஏறத்தாழ 80 ஆயிரம் வீடுகள் காலி. நூறு வீட்டில் 23 வீடு.

அதற்குமேல் நடந்ததைத்தான் நீங்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். காலி வீட்டுக்குள் செம்புக் குழாய் திருட வந்தார்கள். திருடியதும் தண்ணீர் பீறிட்டு வீடு அழுகியது. அழுகிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டை வாங்க ஆள் இல்லை. அவரும் கிளம்பினார். வீட்டு வரி வரவில்லை. வரி வராத மாநகராட்சி தெருவிளக்கை எப்படிப் பழுதுபார்க்கும்? 2013-இல் டெட்ராய்டில் தெருவிளக்குகளில் நூற்றுக்கு நாற்பது எரியவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் மாநகராட்சியே திவால் மனு போட்டது. ஒரு வீடு பூட்டினால் அது அந்த வீட்டோடு நிற்பதில்லை, அன்பர்களே. அது பக்கத்து வீட்டுக்கு நகரும். பிறகு தெருவுக்கு. பிறகு பள்ளிக்கூடத்துக்கு.

“அது அமெரிக்கா, நமக்கென்ன?” என்று கேட்கலாம். நாம்தானே சென்னையை ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்? அதே ஃபோர்டு நிறுவனம் மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறு ஆண்டு கதவு மூடியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் கைப்பேசி செய்யத் தொடங்கியது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. வேலைக்கு வந்த பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் நம் கடலூர், விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகள்! அவர்களை நம்பி அறை அறையாகக் கட்டி வாடகைக்கு விட்டவர்களை நினைத்துப் பாருங்கள். கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும், வாடகைக்காரர் வரமாட்டார்.

இந்தியாவில் 2008-இல் அமெரிக்காவைப்போல் வங்கிகள் விழவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. ரிசர்வ் வங்கியின் ஆளுநராக அதற்குச் சற்று முன்புவரை இருந்த ஒய்.வி. ரெட்டி, கட்டுமான நிறுவனங்கள் நிலம் வாங்கிக் குவிக்க வங்கிகள் கடன் கொடுப்பதை இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தப் பிடிவாதத்துக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் காலி வீடு நம்மிடம் இல்லையா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாடு முழுக்க 2 கோடியே 46 லட்சம் கட்டடங்கள் காலி. நகரங்களில் மட்டும் 1 கோடியே 10 லட்சம். மறு ஆண்டு, 2012-இல், மத்திய அரசின் வல்லுநர் குழு நகரங்களில் எத்தனை வீடுகள் பற்றாக்குறை என்று கணக்குப் போட்டது. 1 கோடியே 87 லட்சம்!

ஒரு கோடி வீட்டில் ஆள் இல்லை. ஒன்றே முக்கால் கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குத் தகுந்த வீடு இல்லை. ஒரே நாடு, ஒரே காலம். இது எப்படி? அந்தப் பற்றாக்குறைக்குள் இறங்கிப் பாருங்கள். பெரும்பங்கு, கூரையே இல்லாதவர்கள் அல்ல. ஒரே அறையில் நெருக்கி அடித்துக் கிடப்பவர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குறைந்த வருமானக்காரர்கள். கட்டியது யாருக்கோ. தேவைப்பட்டது வேறு யாருக்கோ.

அமெரிக்காவுக்கும் நமக்கும் இன்னொரு வேற்றுமையும் உண்டு. அங்கே விலை விழுந்தது. விழுந்ததால் வேதனை வந்தது. ஆனால் விழுந்த விலைக்கு யாரோ வந்து வாங்கினார்கள், பெரிய நிறுவனங்கள்கூட மொத்தமாக வாங்கி வாடகைக்கு விட்டன. நம் ஊரில் விலை விழாது. விற்பனைதான் விழும். “சென்ட் என்ன விலை?” என்று கேட்டுப் பாருங்கள், போன வருஷத்தைவிட அதிகமாகவே சொல்வார்கள். அந்த விலைக்கு வாங்க ஆள் உண்டா என்று கேட்டால், பதில் இருக்காது. விற்கவும் மாட்டோம், வாடகைக்கு விடவும் மாட்டோம், பூட்டி வைப்போம். சத்தமே போடாத சரிவு இது. செய்தியில் வராது. தெருவில் நடந்தால் மட்டும் தெரியும்.

என் கதையையே சொல்கிறேன். 2014-இல், ஓய்வுபெற்ற பணத்தில் ஒரு பங்கை எடுத்து மனை வாங்கினேன். விற்றவர்கள் வீட்டு வாசலுக்கே வேன் அனுப்பினார்கள். மத்தியானச் சாப்பாடு போட்டார்கள். முன்பதிவு செய்தவர்களுக்கு வெள்ளிக் காசு. பச்சைக் கொடி நட்டு, மஞ்சள் கல் ஊன்றி, ஆர்ச் கட்டி, அதற்கு ஒரு ‘நகர்’ பெயரும் வைத்திருந்தார்கள். நான்கு வழிச்சாலை வருகிறது, அஞ்சு வருஷத்தில் மூன்று மடங்கு என்றார்கள். நான் என்ன கேட்டேன்? பட்டா இருக்கிறதா என்று கேட்டேன். வில்லங்கம் பார்த்தேன். ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. இங்கே யார் குடியிருக்கப் போகிறார்கள்? அவர்கள் எங்கே வேலைக்குப் போவார்கள்? அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. என்னைச் சுற்றி நின்ற முந்நூறு பேருக்கும் தோன்றவில்லை.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று உத்தரவிட்டது. வயல்களும் ஏரிகளும் மனையாவதைத் தடுக்க வந்த நல்ல உத்தரவு அது. இரண்டே மாதத்தில், நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். தமிழ்நாட்டு மனை வியாபாரம் முட்டியிட்டு உட்கார்ந்தது. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. கட்டணம் கட்டி அங்கீகாரம் வாங்கலாம் என்றார்கள். நானும் அலைந்து வாங்கினேன். காகிதம் இருக்கிறது. மனையும் இருக்கிறது. போன மாதம் போய்ப் பார்த்தேன். சீமைக் கருவேலம் என் உயரத்துக்கு மேல். முன்பு அது முந்திரித் தோப்பு, அன்பர்களே. காய்த்துக்கொண்டிருந்த மரங்களை வெட்டி எடுத்து, அங்கே ஒரு வீடும் வைக்கவில்லை, ஒரு மரமும் வைக்கவில்லை. நான் அதற்குப் பணம் கொடுத்திருக்கிறேன். இந்த வருத்தம் எனக்குப் பணம் போனதைவிடப் பெரிது.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். நெய்வேலி!

1935-இல் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரும்பொருள் வந்ததிலிருந்து தொடங்குகிறது நம் கதை. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-இல் சோவியத் உதவியோடு முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் கொடுத்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் இதற்கு முன்னால் ஒன்று நடந்தது. அந்த மண்ணின்மேல் கிராமங்கள் இருந்தன. திண்ணை வைத்த வீடுகள் இருந்தன. அவை காலி செய்யப்பட்டன. காலியான வீடுகளின்மேல் பிறந்த ஊர் நம் ஊர். அதை மறந்துவிட்டு இங்கே வீட்டைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

அந்த இடத்தில் அழகான ஒரு நகரியம் எழுந்தது. வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ், மரம் அடர்ந்த சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை. குவார்ட்டர்ஸ் கிடைத்த அன்று என் மனைவி கொல்லைப்புறத்தில் நட்ட கறிவேப்பிலைக் கன்று மரமாகியிருந்தது; ஓய்வுபெற்று வெளியே வந்தபோது அதை விட்டுவிட்டுத்தான் வந்தோம். 2001 கணக்கெடுப்பில் நகரியத்தின் மக்கள்தொகை 1 லட்சத்து 28 ஆயிரம். 2011-இல் 1 லட்சத்து 5 ஆயிரம். பத்து ஆண்டில் ஒரு சிறு நகரமே வெளியேறியிருக்கிறது! புயல் அடித்ததா? விலை சரிந்ததா? இல்லை. நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு நிரந்தரத் தொழிலாளி வரவில்லை. அந்த வேலையை ஒப்பந்தத் தொழிலாளி செய்கிறார், கூட்டுறவு சொசைட்டி மூலம் வந்த தொழிலாளி செய்கிறார். வேலை இருக்கிறது, கரி வருகிறது, மின்சாரம் போகிறது. வேலையோடு சேர்ந்து வந்த வீடு மட்டும் வரவில்லை.

ஓய்வுபெற்ற நாங்கள் என்ன செய்தோம்? நகரியத்து ஆர்ச் கேட்டைத் தாண்டி வெளியே வந்தோம். இந்திரா நகரில், வடக்குத்தில், வடலூர்ச் சாலையில் மனை வாங்கினோம், வீடு கட்டினோம். பிள்ளைகளும் இங்கேயே வேலைக்கு வருவார்கள், பேரன் பேத்தியோடு இருப்போம் என்று மாடியும் சேர்த்துக் கட்டினோம். பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். மாடி காலி. பிறகு கீழ்வீடும் காலி. உள்ளே ஒரு டெட்ராய்ட், வெளியே ஒரு லாஸ் வேகாஸ். நடுவில் ஒரு கேட்.

அந்தக் கேட்டுக்கு வெளியே, பூட்டிய வீட்டுக்குப் பின்சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில் யார் இருக்கிறார்கள்? சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் மண் வாருகிற தம்பி இருக்கிறார். இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் அந்தக் கூரைக்கு அடியில் தூங்க முயன்று பாருங்கள். சித்திரை மாதத்தில் முயன்று பாருங்கள்.

நிறுவனத்துக்கு நான் மரியாதையோடு சொல்கிறேன். எனக்குச் சோறு போட்ட இடம் அது. குடியிருக்கத் தகுதியாக இருந்தும் ஆளில்லாமல் நிற்கிற குவார்ட்டர்ஸ்களை, நியாயமான வாடகைக்கு, ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பரவலாகத் திறந்துவிடுங்கள். 2020-இல் மத்திய அரசே, ஆளில்லாமல் கிடக்கும் அரசுக் குடியிருப்புகளை வெளியூர்த் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடும் திட்டம் ஒன்றை அறிவித்தது. யோசனை புதிதல்ல. மனம்தான் வேண்டும்.

இதை இப்போதே ஏன் சொல்கிறேன்? கோலார் தங்கவயலை நினைத்துச் சொல்கிறேன். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே தங்கம் தோண்ட வந்தது. 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் தமிழ் மக்கள் போனார்கள், மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடியது. துரைகளும் அதிகாரிகளும் இருந்த பங்களாக்கள் பாழாயின. ஆனால் தொழிலாளிகள் இருந்த ஒற்றை அறை ‘லைன்’ வீடுகள் காலியாகவில்லை. ஏன்? அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. இன்றும் விடியுமுன் எழுந்து ஆயிரக்கணக்கானோர் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவு திரும்பி அந்த அறைக்கே வருகிறார்கள். வேலை போன ஊரில் பெரிய வீடு முதலில் காலியாகும். சின்ன வீட்டுக்காரன் கடைசிவரை இருப்பான்.

நம் முதல் அனல்மின் நிலையம் 58 ஆண்டு எரிந்து 2020 செப்டம்பரில் அணைந்தது. புதிய நிலையம் வந்துவிட்டது, உண்மை. ஆனால் 2070-க்குள் கார்பன் வெளியேற்றத்தை நிகரப் பூஜ்யம் ஆக்குவோம் என்று கிளாஸ்கோவில் 2021-இல் நாடு வாக்குக் கொடுத்திருக்கிறது. இந்தக் கூட்டத்தில் மடியில் தூங்குகிற குழந்தை வேலைக்குப் போகும் காலத்தில் இந்த ஊரில் என்ன வேலை இருக்கும்? அந்தப் பதிலைத் தெரிந்துகொண்டு மாடி கட்டுங்கள். அந்தப் பதிலைத் தெரிந்துகொண்டு மனை வாங்குங்கள்.

இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். வடக்குத்து ஊராட்சியில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று தெருத்தெருவாக நடந்து எழுதுங்கள். உள்ளே ஆள் இருக்கிறதா, எத்தனை நாளாக இல்லை, மேல்தளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, மின்கம்பியில் கொடி ஏறியிருக்கிறதா. அந்த நோட்டை ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். கொசு உற்பத்தியையும் பாம்பையும் தெருவிளக்கையும் பற்றிப் பேச அதைவிட நல்ல ஆவணம் இருக்காது.

வீட்டுக்காரர்களிடம் இன்னொன்று. “வாடகைக்கு விட்டால் காலி செய்ய மாட்டார்கள்” என்ற பயத்தில்தான் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2017-இல் தமிழ்நாட்டில் வாடகைக்குப் புதிய சட்டம் வந்து, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எழுத்து ஒப்பந்தம் போடு, பதிவு செய் என்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்காதே என்கிறது. இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு வைத்திருக்கிறது. படித்துப் பாருங்கள்.

அமெரிக்கா போன தம்பதிக்குப் போன மாதம் நான் போன் போட்டேன். இதே பயத்தைத்தான் அந்த அம்மா சொன்னார். “அண்ணே, எல்லாம் சாமான் செட்டோட இருக்குது, நாளைக்கு நாங்க வந்து எங்க இருப்போம்?” என்றார். மாடியை வைத்துக்கொள்ளுங்கள், கீழ்வீட்டைக் கொடுங்கள் என்றேன். ஒப்பந்தத்தை நானே எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் யோசித்தார்கள். முந்தாநாள் சரி என்றார்கள்.

பின்சந்தில் இருக்கிற தம்பியும் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வருகிற வெள்ளிக்கிழமை குடிவருகிறார்கள். நேற்றுப் போய் ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தேன். அடுப்பைத் துடைத்தேன். அதனால்தான் இந்தக் கொத்தில் இந்த நடுச்சாவி மட்டும் பளபளக்கிறது. இதைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் என்னிடம் மீதி இரண்டு இருக்கும். அந்த இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் நாளைக்குக் காலையில் போன் போடுகிறேன்.